உக்குவளையில் இறங்கிய உங்கள் மகள்

என் பிரியத்துக்குரிய அண்ணா,

உங்கள் தம்பி சதாசிவம் எழுதுகிறேன். நீங்கள் எங்களை விட்டுப் போய் இரண்டு ஆண்டுகள் நிறைகின்றன. உங்கள் மகள் வசந்தாவைப் பற்றி நான் அறிந்தவற்றை வரிசைப்படி உங்கள் முன் வைக்கவும், உங்களிடம் ஒரு கேள்வி கேட்கவுமே இக்கடிதம். பத்திரிகையில் அச்சிடக் கொடுக்குமுன் அவளிடம் வாசித்துக் காட்டினேன். “போடுங்க சித்தப்பா. நான் செஞ்சதும் தெரியட்டும், நீங்க செய்யப்போறதும் தெரியட்டும்” என்றாள். அதன் பிறகு அவள் என்னுடன் பேசவில்லை.

அவள் தங்கியிருக்கும் பல்கலைக்கழகப் பெண்கள் விடுதியில் ஒரு விதி உண்டு. வார இறுதியில் வெளியே செல்லும் மாணவி, எங்கே செல்கிறாள் என்பதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பாதுகாவலர் அதனைக் கையெழுத்திட்டு உறுதிப்படுத்த வேண்டும். நல்ல விதி என்று நானே பாராட்டியிருக்கிறேன். உங்களுக்குப் பின் பாதுகாவலர் நான்தானே? சென்ற மாதம் அந்தப் படிவம் மாத்தளையில் என் வீட்டுக்கு வந்தது. எட்டுச் சனிக்கிழமைகள். எட்டுக்கும் எதிரே, ‘சித்தப்பா வீடு’ என்று அவளே எழுதியிருந்தாள்.

அந்த எட்டில் ஒரு நாள்கூட அவள் என் வாசற்படி மிதிக்கவில்லை, அண்ணா. ‘நூலகத்தில் வேலை மிகுதி, வர இயலவில்லை’ என்று எனக்கு எழுதிய கடிதங்கள் என் இழுப்பறையில் இருந்தன. படிவத்தையும் கடிதங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். ஒன்று நிச்சயமாகப் பொய். இரண்டுமே பொய்யாக இருக்கலாம் அல்லவா?

“வயசுப் பொண்ணு. கூட்டாளிங்களோட படம் பார்க்கப் போயிருக்கும். விடுங்க” என்றாள் என் மனைவி கமலம். எட்டு வாரமும் படமா?

ஒரு புதன்கிழமை, சொல்லாமல் புறப்பட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். புல்வெளியில் ஆண்களும் பெண்களுமாக ஏதோ நாடகத்துக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கழுத்துப்பட்டியும் குடையுமாக நான் நடந்ததைக் கண்டு, “ஐயா, லெக்சர் குடுக்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?” என்று ஒருவன் கத்தினான். பெண்களே அதிகம் சிரித்தார்கள். இதற்குத்தான் இவளை அனுப்பினோமா?

விடுதி வாசலில் வசந்தாவின் அறைத்தோழி சுனேத்ராவைக் கண்டேன். சிங்களப் பெண். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. “வசந்தா நூலகத்தில் இருக்கிறாள், ஐயா” என்று தமிழில் சொன்னாள்.

“சனிக்கிழமைகளிலுமா?”

“சனிக்கிழமைகளிலும் நூலகத்தில் இருக்கிறாள், ஐயா.”

பிழையில்லாத தமிழ். ஆனால், பாடப்புத்தகத்தை ஒப்பிப்பதுபோன்ற தமிழ். இந்தப் பெண்ணுக்கு இதை யார் கற்றுக்கொடுத்தது, எதற்காக என்ற சந்தேகம் திரும்பி வரும் வழியெல்லாம் என்னை விடவில்லை.

அடுத்த சனிக்கிழமை மாத்தளை ஸ்டேஷனில் நின்றேன். கண்டி ரயில் வந்தது, அவள் இறங்கவில்லை. இறங்கியவர்களிடம் டிக்கட் வாங்கும் ஊழியர் என்னை நீண்ட காலமாக அறிந்தவர். “மகளைத் தேடுறீங்களா மாத்தயா? அவங்க எல்லாச் சனிக்கிழமையும் இங்க வர்றதுக்கு முந்தியே, உக்குவளையிலதானே இறங்குறாங்க” என்றார். மகள் அல்ல, அண்ணன் மகள் என்று நான் திருத்தவில்லை. திருத்தாமல் விட்டது எனக்கே வியப்பு.

அதற்கடுத்த சனிக்கிழமை, உக்குவளை ஸ்டேஷனுக்கு எதிரேயுள்ள தேநீர்க் கடையில் பத்திரிகையை விரித்து உட்கார்ந்தேன். வசந்தாவும் சுனேத்ராவும் இறங்கினார்கள். சைக்கிளுடன் காத்திருந்த ஓர் இளைஞன், கேட்காமலேயே வசந்தாவின் பையை வாங்கிப் பின்புறத்தில் கட்டினான். அதில் பலநாட் பழக்கம் தெரிந்தது. பத்திரிகையை மடித்து எழுந்தேன். தூரம் விட்டுப் பின்தொடர்ந்தேன்.

அவர்கள் நுழைந்த வீட்டின் கதவு திறந்தே இருந்தது. நான் உள்ளே போனபோது மூவரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அடுக்களையிலிருந்து ஒரு தாயார் எட்டிப் பார்த்தார். இளைஞனின் கொப்பியில் குழந்தை எழுதியதுபோன்ற பெரிய தமிழ் எழுத்துகள். வசந்தாவின் கொப்பியில் நெருக்கமான சிங்களம். வாசித்தேன். அரசாங்க அலுவலகத்துக்கு எழுதும் விண்ணப்பம், அலுவலக நடையில்.

“யாரு இவரு?” என்றேன்.

“சுனேத்ராவோட அண்ணன், சோமபால. நீங்க முன்ன வேலை பார்த்த ஆபீஸ்ல கிளாக்கர்” என்றாள் வசந்தா.

அவன் எழுந்து நின்றான். “தமிழ் மனுக்களை வாசிக்க எங்கள் பிரிவில் ஆளில்லை, சேர். கட்டி அலமாரிக்கு மேலே வைத்திருக்கிறோம். நீங்கள் போன பிறகு யாரும் வரவில்லை” என்று சிங்களத்தில் சொன்னான். அதில் குற்றச்சாட்டு இல்லை. அதனாலேயே எனக்கு வலித்தது.

வசந்தா தலைநிமிர்ந்தாள். “நீங்க சொல்ற டீச்சர் வேலை எனக்கு வேணாம் சித்தப்பா. நான் லேபர் ஆபீசர் ஆகணும். தோட்டத் தொழிலாளிங்க தமிழ்லதான் முறையிடுறாங்க. ஃபைல் சிங்களத்துல இருக்கு. கடையில பேசுற சிங்களம் அதுக்குப் பத்தாது.”

“என்னிடம் கேட்டிருக்கலாமே? எனக்குச் சிங்களம் தெரியாதா?”

“உங்ககிட்டயா?” என்றாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்: “அப்பாதான் சொன்னாரு. ‘எழுதப் படிச்சுக்கம்மா, ஆனா தம்பிக்குத் தெரிய வேணாம். வேலைய விட்டது வீணாப் போச்சுன்னு நெனச்சுக்குவான்’னு.”

என் கேள்வி இதுதான், அண்ணா. அரசாங்க வேலையில் நீடிக்கக் கட்டாயமாக்கிய சிங்கள மொழித் தேர்ச்சிப் பரீட்சையை எழுத மறுத்து, வேலையை விட்டு நான் வீடு திரும்பிய நாளில், உங்கள் கடையைப் பாதி நாளில் மூடிவிட்டு வந்து, “தலை நிமிந்து வந்துட்டடா” என்று என் தோளைத் தட்டினீர்கள். மகளிடம் வேறு சொன்னீர்கள். எது உங்கள் மனம்? முதலாவது வெறும் ஆறுதலா? நான் மறுத்தது மனச்சாட்சிக்காகவா, செருக்குக்காகவா என்று உங்களுக்கே அப்போது ஐயம் இருந்ததா? இப்போது அந்த ஐயம் எனக்கும் வந்துவிட்டது.

என்னுடன் மாத்தளை வீட்டுக்கு வந்ததும் அவள் அந்தப் படிவத்தை எடுத்து என் முன் வைத்தாள். பொய்ப் பதிவு செய்தவர் விடுதியிலிருந்து நீக்கப்படலாம் என்று அதன் அடியில் அச்சிட்டிருக்கிறது. இறுதிப் பரீட்சைக்கு மூன்று மாதங்களே உள்ளன.

“ஒரே ஒரு கையெழுத்து. யாருக்கு நட்டம்?”

“நீ வராத நாளில் வந்தாய் என்று நான் எழுத மாட்டேன்.”

“உங்க கொள்கைக்காக உங்க வேலைய விட்டீங்க. இப்ப என் பரீட்சையையும் விடணுமா?”

எழுந்து கொல்லைப்புறம் போனேன். அவள் அழுததைக் கமலம் பிறகு சொன்னாள்.

சோமபாலவைப் பற்றிய என் சந்தேகம் இன்னும் தீரவில்லை. மேசையில் மூவர் இருந்தாலும் அவன் கண்கள் ஒரு பக்கமே போயின. அவளும் அதை அறியாதவள் அல்ல. அவனுடைய தகப்பனார் யார், பூர்வீகம் எது என்று விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். நீங்களாக இருந்தால் விசாரிக்க மாட்டீர்களா?

ஆயினும் இனிச் செய்யப்போவதை முடிவு செய்துவிட்டேன். இது அச்சாகும்போது செய்தும் முடித்திருப்பேன். திங்கட்கிழமை காலை, முதல் ரயிலில் அவளுடன் போவேன். விடுதிப் பொறுப்பாளரின் முன்னிலையில் எட்டு வரிகளையும் அடித்து, அவள் எங்கே, எதற்காகப் போனாள் என்பதை எழுதுவேன். அதன் கீழே, ‘இதனைத் தன் வீட்டில் சொல்ல இவள் அஞ்சியதற்குப் பாதுகாவலனாகிய நானே காரணம்’ என்று எழுதிக் கையெழுத்திடுவேன். அவளை விடுதியிலிருந்து நீக்கினால், பல்கலைக்கழகத்துக்கு அருகிலேயே அறை எடுப்பேன். நான் இப்போது எழுத்தராக இருக்கும் வழக்கறிஞரிடம் மூன்று மாத விடுமுறைக்குச் சொல்லிவிட்டேன். கமலமும் வருகிறாள். பரீட்சை மண்டபத்து வாசல்வரை வசந்தாவைக் கொண்டுபோய் விடுவேன். சனிக்கிழமைப் பாடம் நிற்காது. ஆனால் அது என் மேசையில் நடக்கும், நானும் உடனிருப்பேன். அலுவலகச் சிங்களத்தில் அவள் விடும் பிழைகளை நானே திருத்துவேன்.

அவள் என்னுடன் பேசினாலும் பேசாவிட்டாலும், அவளைப் பரீட்சை எழுத வைப்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

பரீட்சை எழுத மறுத்த
உங்கள் தம்பி,
சதாசிவம்
மாத்தளை