அப்பா இடையில் நிறுத்திய வகுப்பு

யூன் 3, செவ்வாய்

பாரிஸ், மார்க்ஸ் டோர்மோய் மண்டபத்தில் பிரெஞ்சு வகுப்புக் கூட்டம். வந்தவர்கள்: நான், வள்ளிநாயகி அக்கா, துஷாந்தி, மரக்கறிக்கடை ஐங்கரன் அண்ணை, ஆசிரியை நதாலி. வேறு ஒருவரும் இல்லை.

செய்தி நல்லதல்ல. வகுப்புக்கு அனுமதி தரும் அலுவலகம் கணக்குப் பார்த்திருக்கிறது. சேர்ந்தவர்கள் இருபத்தொன்பது பேர். கடைசிப் பரீட்சை எழுதியவர்கள் பதின்மூன்று. பாதிப் பேர் முடிக்காவிட்டால் செப்டெம்பரில் வகுப்பு இல்லை. நதாலி கையை விரித்தார்.

"இருபத்தொன்பது பேரோ? அவ்வளவு கதிரை இஞ்சை இல்லையே," என்றார் வள்ளிநாயகி அக்கா. பகிடிக்குத்தான் சொன்னார். எனக்கு அது மனதில் கிடந்தது. பெயர்ப் பட்டியலின் பிரதி ஒன்று கேட்டு வாங்கிவந்தேன்.

யூன் 4

பட்டியல் சமையல் மேசையில். வெங்காயம் கருகிவிட்டது.

யூன் 6, வெள்ளி

கோயிலால் வந்து விளக்கேற்றிவிட்டுப் பட்டியலோடு இருந்தேன். குடும்பப் பெயர்களும், யார் முடித்தார், யார் விட்டார் என்ற குறிப்பும் மட்டும்தான். வீட்டுக் கணக்குப் போல ஒவ்வொன்றுக்கும் நேரே கோடு போட்டேன். பதினேழாவதில் கை நின்றது. அருளம்பலம். டிசெம்பரோடு படிப்பை நிறுத்தியவராம்.

என் அப்பா! காலமாகிப் பன்னிரண்டு வருஷம். மனுஷன் பாரிஸ் பக்கம் வந்ததே இல்லை — பிரெஞ்சு படிக்க எப்ப வந்தவர்?

பிறகுதான் விளங்கியது. செப்டெம்பரில் கடவுச்சீட்டைக் காட்டிப் பதிந்தோம். அதில் குடும்பப் பெயர் இடத்தில் அப்பாவின் பெயர். ஜனவரியில் திரும்பப் பதிந்தபோது வதிவிட அட்டையைக் கொடுத்தோம். அதில் கணவரின் பெயர். கணினிக்கு ஆள் இரண்டு. அருளம்பலம் விட்டுப் போனார், தவரத்தினம் புதிதாக வந்தார்.

இப்படி ஐந்து பெண்கள். துஷாந்திக்கு போன் எடுத்தேன். "என்ரை அப்பா பள்ளிக்கூடமே ஒழுங்காப் போகேல்லை, அக்கா. இதையும் விட்டிட்டாரோ?" சிரித்துச் சிரித்து இருவருக்கும் மூச்சு முட்டியது.

அப்படியென்றால் சேர்ந்தவர்கள் இருபத்துநான்கு. பதின்மூன்று, பாதிக்கு மேல். பிள்ளையாரே.

யூன் 8, ஞாயிறு

இன்னொரு முறை சரிபார்த்தேன். ஒன்று நெருடுகிறது. பரீட்சை எழுதியவர்களில் ஐங்கரன் அண்ணையும் இருக்கிறார். அன்று கையெழுத்து வைத்துவிட்டுக் கடை திறக்கப் போனவர். பக்கத்துக் கதிரையில் இருந்தவள் நான்.

கடைக்குப் போனேன். கத்தரிக்காய் அடுக்கிக்கொண்டே, "ஆர் உதைப் பாக்கப்போகினம், தங்கச்சி? பேசாமல் விடுங்கோ," என்றார்.

"நான் பாத்திட்டனே, அண்ணை."

கையிலிருந்த கத்தரிக்காயைக் கீழே வைத்தார். "சரி, என்ரை பேரை வெட்டுங்கோ. அடுத்த வருஷம் எழுதுறன். அதுக்கு வகுப்பு இருக்கோணும், கண்டியளோ."

பன்னிரண்டு. சரிபாதி. பாதி போதுமா, அதற்கு மேல் வேண்டுமா? நதாலிக்கும் தெரியவில்லை.

யூன் 12, வியாழன்

அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். பிரெஞ்சில், நானே. போன வருஷம் மருந்துக்கடைக்குப் போகவும் மகள் லக்ஷனா கூட வரவேண்டியிருந்தது. இன்று வாசித்துவிட்டு, "சே பியான், அம்மா," என்றாள் — நல்லாயிருக்காம். நதாலி ஒரு பிழைதான் பிடித்தார். அதன் தமிழ், என் நினைவுக்கு:

பட்டியலில் ஐந்து பேர் இரண்டு முறை இருக்கிறார்கள். அதில் ஒருத்தி நான். ஒருவர் பரீட்சை எழுதவில்லை; அடுத்த வருஷம் எழுதுவார். சேர்ந்தவர்கள் இருபத்துநான்கு, முடித்தவர்கள் பன்னிரண்டு. பாதி போதுமா? தயவுசெய்து விரைவில் பதில் தாருங்கள்.