உத்தரவாதம் தராத டாக்டர்

பாசமுள்ள நைனாவுக்கு,

முதலில் தலையாய செய்தி. குளியலறைச் சுவரில் உன் மூத்திரப்பையை மாட்டிவைத்த ஆணியைப் பிடுங்குவது என்று குடும்பம் கூடித் தீர்மானித்துவிட்டது. அம்மா முன்மொழிந்தாள், நான் வழிமொழிந்தேன். தம்பி பாபு மட்டும் எழுந்து பம்புசெட்டுக்குப் போய்விட்டான்.

காரணம் இருக்கிறது. உனக்கு வந்த அதே மலக்குடல் புற்று இப்போது அவனுக்கும் வந்திருக்கிறது. அவன் கண்ணில் அந்த ஆணி படக்கூடாது என்றுதான் இத்தனை ஏற்பாடு.

உனக்கு ஆபரேஷனில் கட்டி முழுசாக வந்தது. கூடவே சிறுநீர்க்குழாயும் அறுபட்டது. மிச்ச நாளெல்லாம் அடிவயிற்றில் டியூபும் தொடையில் பையுமாக இருந்தாய். திருப்புலிவனத்தில் அத்தை மகள் கல்யாணத்தில், பந்தியில் உட்கார மாட்டேன் என்று வேனிலேயே சாப்பிட்டாயே, அன்றும் பையைக் காலி செய்தது பாபுதான்.

பாபுவைப் பார்க்கிற இந்த டாக்டர் பொறுமைசாலி. படம் போட்டுக் காட்டினார். ஆசனவாய் வழியாகக் கருவியை விட்டுக் கீழிருந்து மேலே போவார்களாம். ஆண்களுக்கு அங்கே முன்பக்கம் ஒட்டினாற்போல் சிறுநீர்க்குழாய் இருப்பதால், பின்பக்கத்தையும் பக்கவாட்டையும் முதலில் பிரித்துவிட்டு, முன்பக்கத்தைக் கடைசியில்தான் தொடுவார்களாம். குழாய்க்குள் ரப்பர் டியூப் போட்டு, அது எங்கே என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே போவார்களாம். எல்லை தெரியாவிட்டால் நிறுத்திவிட்டு வயிற்றுப்பக்கமிருந்து வருவார்களாம். பக்கத்துக் கொல்லைக்காரர் நம் வரப்பை வெட்டும்போது இதில் பாதி கவனம் எடுத்திருந்தால் உனக்குக் கோர்ட்டு அலைச்சல் இருந்திருக்காது.

பாபு ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "எங்க நைனா பைய நாந்தான் சார் ஊத்திக்கினு இருந்தேன். எனக்கு அப்டி ஆவவே ஆவாதுன்னு சொல்லு, நாளைக்கே வந்து படுத்துக்கறேன்."

"ஆகாம இருக்க எல்லாத்தையும் பண்ணுவோம்," என்றார் டாக்டர். "ஆகவே ஆகாதுன்னு பொய் சொல்ல மாட்டேன்."

அவர் செய்த தவறு அது ஒன்றுதான். வெளியே வந்ததும் பாபு சொன்னான்: "அவருக்கே நம்பிக்க இல்ல. நீ இன்னாண்ணா பேசிக்கினு கீற?"

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் மூலிகைப் பொடி விற்கிறவரிடம் அந்தக் குறை இல்லை. கத்தியே வேண்டாம், கட்டி தானாகக் கரைந்துவிடும் என்று கையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார். பாபு காலையும் மாலையும் அதை மோரில் கலந்து குடிக்கிறான். இளைத்துக்கொண்டே வருகிறான். பொடி வேலை செய்கிறது என்கிறான்.

நீ உயிரோடு இருந்து சொன்னால் கேட்பான். ஆனால் நீ என்ன சொல்வாய், நைனா? அந்தப் பையோடு கிடைத்த வருஷங்கள் உனக்கு வேண்டியிருந்தனவா, வேண்டாமா?

நான் அவனை விடப்போவதில்லை. தம்பி என்று பார்க்காமல் காலில் விழுந்தாவது கூட்டிப்போகிறேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஆபரேஷனுக்கென்று அவனுக்கு ஒதுக்கிய தேதியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

உன் மூத்த மகன்,
ஏகாம்பரம்