சங்கீதா மிஸ்ஸின் பாஸ்வேர்டு

அம்மாவுக்குத் தேன்மொழி எழுதுவது. உன் கை வீக்கம் குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். ஹாஸ்டலில் எல்லாரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன், பயப்படாதே.

இங்கே பிறந்தநாள் வந்தால் கலர் டிரஸ் போட்டு வகுப்புக்கே சாக்லேட் கொடுப்போம். பள்ளிக் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டும் அவரவர் பிறந்த தேதிதான். அதனால் யாருடையதும் ரகசியமில்லை. கம்ப்யூட்டர் பாடம் எடுக்கும் சங்கீதா மிஸ்ஸுக்குப் போன மாதம் கேக் வெட்டினோம். அவர்களுடையதும் அப்படித் திறந்துவிடும், மாற்றிவிடுங்கள் என்று அவர்களிடமே போய்ச் சொன்னேன்.

"எங்க, தொறந்து காட்டு" என்றார்கள். காட்டினேன். "கில்லாடிடி நீ" என்று சிரித்தார்கள். ஆனால் மாற்றவில்லை.

இப்போது யாரோ அதில் நுழைந்து அரையாண்டுக் கேள்வித்தாளை எடுத்துவிட்டார்கள். தலைமையாசிரியை விசாரித்தபோது மிஸ், "இவளுக்குத்தான் மேடம் தொறக்கத் தெரியும், நானே பாத்தேன்" என்றார்கள்.

"நீங்கதானே மிஸ் காட்டச் சொன்னீங்க?"

"நான் எப்ப சொன்னேன்?" என் முகத்தைப் பார்த்தே கேட்டார்கள், அம்மா.

திங்கட்கிழமை வீட்டிலிருந்து வராவிட்டால் டி.சி. கொடுத்துவிடுவார்களாம். ஷூ கம்பெனியில் பெர்மிஷன் போட்டு நீயே வா, அப்பா வேண்டாம். தேங்காயெண்ணெய் கொண்டுவா. பூண்டு ஊறுகாய் கொஞ்சம் போதும். இப்போது யாரும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை.

சமையல்கட்டு பாக்யலட்சுமி அக்கா நாளை ஆம்பூர் வருகிறார், அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வார்டன் நடக்கும் சத்தம் கேட்கிறது. ஆபீஸுக்குள் போகும் முன் என்னிடம் வந்து, என்ன நடந்தது என்று நீ கேள்.

தேன்மொழி