ரோட்டுக்கு அடியில் ஒரு சுவர்

நனைந்த பழைய செங்கல்லின் வாசனை கொத்தனாரான உனக்குத் தெரியாததல்ல. இன்று காலை இங்கே, அந்தமானில், சௌல்தாரி மேட்டில் அதே வாசனை. மெயின்லேண்டிலிருந்து வந்த தொல்லியல்காரர்கள் இருவர், கயிறு கட்டி, அந்தக் காலத்தில் நாம் இடித்த கோட்டையின் அஸ்திவாரத்தை பிரஷ்ஷால் பெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

நாம் ரோடு வேலைக்கு ஒரே கப்பலில் வந்தவர்கள். நான் ஓவர்சீயர் ஆனேன். வேலையிடத்தில் என்னை "சார்" என்பாய், சாயங்காலம் ஆனால் "டேய்". அந்த மேட்டில் நின்றது வெள்ளைக்காரன் கைதிகளை வைத்துக் கட்டிய காவல் கோட்டை. காட்டு மக்களைச் சுட, காட்டைப் பார்த்தே துப்பாக்கித் துளைகள். நாமும் அந்தக் காட்டுக்குள்தான் ரோடு போட்டோம். அவன் விட்டுப்போன செங்கல் எல்லாம் நமக்கு ஜல்லி.

மூன்று சுவர்கள் விழுந்தன. நாலாவதன் பூச்சில் ஆணியால் கீறிய தமிழ் எழுத்து, ஒரு பேரும் ஒரு ஊரும். நீ சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டாய்.

"டேய், இது எங்க தாத்தாடா. எங்க ஊரு போட்டிருக்கு பாரு. கைதியா இங்க வந்தவரு இருக்காரா செத்தாரானு தெரியாமலே எங்கப்பா போய்ச் சேந்தாரு. ஒரே ஒரு நாள் குடு. போர்ட் பிளேர் போயி பெரிய சாப்கிட்ட எழுதி வாங்கிட்டு வந்துர்றேன்."

"போயிட்டு வா. நான் தொட மாட்டேன்" என்றேன்.

மறுநாள் காலையிலேயே ரோலர் வந்து நின்றது. மழைக்கு முன்னால் அந்த வளைவை முடிக்கச் சொல்லி மேலே இருந்து ஆள்மேல் ஆள். டிரைவர் வேறு, "ஜல்தி கரோ, பாபு" என்று அவசரப்படுத்தி நச்சரித்தான். மெமோ வந்துவிடும் என்று பயந்தேன். பதினோரு மணிக்கு, இடிக்கச் சொல்லித் தலையை ஆட்டிவிட்டேன். என் வீரம் அவ்வளவுதான்.

மாலையில் நீ பஸ்ஸை விட்டு இறங்கினாய். அந்தச் சுவரை மட்டும் விட்டுவிடச் சொல்லி அதிகாரி எழுதிய காகிதம் உன் சட்டைப்பையில் இருந்தது. மேட்டைப் பார்த்தாய். பிறகு வளைவில் பரப்பியிருந்த செங்கல் தூளில் உட்கார்ந்து இரண்டு கையாலும் கிளறினாய். நான் பக்கத்தில் வந்ததும் எழுந்துகொண்டாய்.

"வேலை முடிஞ்சிருச்சுங்களா, சார்?"

அதற்குப் பிறகு சாயங்காலங்களிலும் நான் உனக்குச் சார்தான். அடுத்த மழையில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோகும்வரை, பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டியபோதுகூட, நீ என்னை "டேய்" என்று கூப்பிடவில்லை. உன்னைப் புதைத்ததைவிட அந்தச் "சார்" இன்னும் வலிக்கிறது.

"சுவத்துல எழுத்து ஏதாவது இருந்துச்சாங்க ஐயா?" என்று அந்தத் தொல்லியல்காரர்கள் இன்று கேட்டார்கள். உன் தாத்தாவின் பேரையும் ஊரையும் சொன்னேன். ஒருவர் பென்சிலை எடுத்தார்.

"ஆதாரம் ஏதாவது வச்சிருக்கீங்களா?"

இல்லை என்றேன். பென்சிலைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அந்தப் பேர் இப்போது என் ஒருவனிடம்தான் இருக்கிறது. பஸ் அந்த வளைவில் திரும்பும்போதெல்லாம் என் கால்களைத் தூக்கி வைத்துக்கொள்கிறேன். முட்டி வலியா என்று பக்கத்துச் சீட்டுக்காரர்கள் கேட்கிறார்கள். ஆமாம் என்கிறேன்.