நாம் இருவரும் நெய்த கோணல் பாய்

லண்டனின் தென்கோடியில், சட்டனில் எனது வீட்டுக் கூடத்தில் இன்று காலை ஹீற்றரைப் போட்டதும் உமது பாய் மணக்கத் தொடங்கியது. காய்ந்த கோரையும் ஆற்றுச் சேறும் கலந்த மணம். நேற்றுத்தான் அதை வடகோடியில் எட்மண்டனில் உள்ள உமது வீட்டிலிருந்து கொண்டுவந்தேன். உமது மனைவி தொலைபேசியில், "அண்ணை, அவர் போன பிறகு இந்தப் பாயை நான் என்ன செய்யிறது? விரிச்சா ஒரு பக்கம் தூக்குது. குப்பை எடுக்கிற கவுன்சில்காரர் வந்து எடுக்கட்டே?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் கார் ஓட்டிச் சென்று, உள்ளே அடங்காத பாய் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, மழையில் நனைந்தபடி திரும்பினேன். இறந்த பிறகும் ஒரு நண்பர் மற்றவரை இவ்வளவு அலைக்கழிக்க முடியும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

நாட்டில் சமாதானம் என்று சொல்லப்பட்ட காலம் அது. தெரிந்தவர்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்துக்குப் பயணச்சீட்டு எடுத்தார்கள். நீர் என்னைக் கேளாமலே எனக்கும் சேர்த்து வியட்நாமுக்கு எடுத்தீர். காரணம் கேட்டேன். "ஊருக்குப் போனா, ஏன் இவ்வளவு காலம் வரேல்லை எண்டு கேப்பினம். அங்க ஒருத்தரும் கேக்கமாட்டினம் ஐசே" என்றீர்.

எனது ஆட்சேபணையை அப்போதே தெளிவாகத் தெரிவித்தேன். நாம் திரும்பும் ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் வழக்கறிஞனான எனது கட்சிக்காரர் ஒருவரின் அகதி மேன்முறையீடு விசாரணைக்கு வரவிருந்தது. அது தோற்றால் அவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவருக்கு அதுவே கடைசி வாய்ப்பு. வழக்கை முழுமையாக அறிந்தவன் நான் ஒருவன். "ஞாயிற்றுக்கிழமை நீர் லண்டனில நிப்பீர். அதுக்கு நான் பொறுப்பு" என்றீர். என்ன அடிப்படையில் அந்தப் பொறுப்பை ஏற்றீர் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மேகொங் ஆற்றின் கிளை வாய்க்கால்களில் படகில் அலைந்த அந்த நாட்களில் நீர் எதையும் நின்று பார்த்ததில்லை. எல்லாவற்றிலும் கை வைத்தீர். ஆவியில் வெந்த அரிசித் தாளைத் தடியால் தூக்கப் போய்க் கிழித்து, கிழித்ததைத் தின்றீர். தேங்காய்ப்பால் இனிப்புக் கிண்டிய சட்டியில் விரலைச் சுட்டுக்கொண்டீர். கடைசி நாள், கோரைப் பாய் நெய்யும் வீடு ஒன்றுக்குப் போனோம். அன்றிரவு சைகோனிலிருந்து விமானம். வருகிற பயணிகள் இரண்டு கோரைகளைச் செலுத்தி, படம் எடுத்துக்கொண்டு போவது வழக்கம். நீர் முழுப் பாய் நெய்வதாக அறிவித்தீர்.

நிலத்தோடு கிடந்த அந்தத் தறிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பக்கத்தில் அமர்ந்து நீண்ட குச்சியால் கோரையை ஊடே செலுத்த, மற்றவர் தறிமேல் குந்தியிருந்து அச்சுக்கட்டையை இழுத்து அடிக்க வேண்டும். வீட்டுக்காரப் பெண் நெல் காயவைக்கப் போய்விட்டார். அடிக்கும் இடத்தில் என்னை இருத்தினீர்.

"விட்டாச்சு, அடியும்."

"பொறும். இது கோணல்."

"கோணல் இல்லை. அடியும்."

"வலப்பக்கம் இறங்கியிருக்கு. கண் தெரியேல்லையே உமக்கு?"

"அப்புக்காத்தர், இது பாய். காணி எல்லையில்லை. நீர் பாத்து முடிக்க முதல் கோரை காஞ்சுபோகும். அடியும்."

எரிச்சலில் ஓங்கி அடித்தேன். நான் நெருக்கியது ஒரு பக்கம் இறுக, நீர் நெகிழ விட்டது மறு பக்கம் அகன்றது. திரும்பி வந்த வீட்டுக்காரப் பெண் வாய்விட்டுச் சிரித்து ஏதோ சொன்னார். படகோட்டி தனது அரைகுறை ஆங்கிலத்தில் விளக்கினார்: தறியில் இப்படிச் சண்டை பிடிப்பவர்களை அவர் கண்டிருக்கிறாராம், ஆனால் அவர்கள் எல்லோரும் கணவன் மனைவியராம்.

அதே படகோட்டி, வற்று தொடங்கிவிட்டது, தண்ணீர் இறங்குகிறது, இப்போதே புறப்பட வேண்டும் என்றும் சொன்னார். நான் எழுந்தேன்.

"இன்னும் ஒரு முழம்தான் ஐசே. இரும்."

"உம்மட முழம் எனக்குத் தெரியும். அங்க ஒரு மனிசன்ர உயிர், ஐசே."

"ஓம், தெரியும். அதுதான் சொல்லுறன், கெதியா அடியும்."

பாயைத் தறியிலிருந்து அறுத்தெடுத்துக் கரைக்கு வந்தபோது வாய்க்காலில் தண்ணீர் இல்லை. படகு சேற்றில் சரிந்து கிடந்தது. முழங்கால் வரை புதைய நடந்து, வரம்பு வழியாக இரண்டு மோட்டார் சைக்கிள்களின் பின்னிருக்கையில் தொற்றி, விமான நிலையத்தின் கடைசி அழைப்புக்குப் போய்ச் சேர்ந்தோம். விமானத்தில் வழி நெடுக நான் உமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வழக்குத் தாள்களைப் படித்தேன். நீர் பாயைத் தோளில் சாத்திக்கொண்டு தூங்கினீர்.

திங்கட்கிழமை, கோரையின் சிவப்புச் சாயம் போகாத கைகளோடு விசாரணைக்குப் போனேன். தொடங்கலாம் என்று சொல்லப்பட்டது. நான் குறிப்புகளை மீண்டும் ஒருமுறை சரிபார்த்தேன். பிறகு இன்னுமொரு முறை. கட்சிக்காரர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான், சற்றும் அழையாமல், "அடியும்" என்று உமது குரல் காதுக்குள் வந்தது. எழுந்து பேசினேன். மேன்முறையீடு வென்றது. நீரோ, பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்த வழக்கைப் பாய்தான் வென்றதாகச் சொல்லித் திரிந்தீர். சான்றேதும் இல்லாத கூற்று அது.

பாயின் தூக்கும் பக்கத்தில் இப்போது எனது தடித்த சட்ட நூல்கள் இரண்டு இருக்கின்றன. "உதை நேராக்கேலாதே?" என்று மனைவி கேட்டாள். ஏலாது என்றேன். பாதிவரை அவிழ்த்து மறுபடி நெய்ய வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். கோணல் உம்முடையது என்ற எனது நிலைப்பாட்டில் மாற்றமில்லை. அதை மறுக்க நீர் இல்லாதது எனக்குப் பெரிய எரிச்சலாக இருக்கிறது.

நாளை மற்றொருவரின் விசாரணை. தாள்களை இதற்குள் பலமுறை பார்த்துவிட்டேன். எழும்பும் நேரம் வரும்போது, வழக்கம்போல, நீர் எனக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்து சொல்வீர்: "விட்டாச்சு, அடியும்."