பதினொரு குடம் தண்ணீர்

அல்லிநகரம்
வெகுதான்ய வருஷம் கார்த்திகை 28

சிரஞ்சீவி சுருளிவேலுக்கு அம்மா எழுதுவது.

உன் சித்தப்பா ராக்கையா மாடியில் தீப்பிடிக்க விட்டு, கீழே நம் வீட்டைப் பாழாக்கிவிட்டார். முதலில் இதைத் தெரிந்துகொள், மற்றதெல்லாம் பிறகு. உன் அப்பாவும் தங்கை முருகம்மாளும் நானும் சுகம், நடு அறைச் சுவருக்குத்தான் சுகமில்லை. பம்பாயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

பாகம் பிரித்து மாடி தனக்கு வந்த நாளிலிருந்தே கீழே மனிதர்கள் இருப்பது அவருக்கு மறந்துவிட்டது. விலை ஏறட்டும் என்று ஆறு மாதமாக இலவம்பஞ்சு மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார், தீபத்தன்று அதற்குப் பக்கத்து ஜன்னலிலேயே விளக்கையும் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார். நம் ஊர்க் காற்றைப் பற்றி அவருக்கு யார் சொல்லித்தர வேண்டும்? நாலு மூட்டை பிடித்துக்கொண்டது, தெருவே குடம் தூக்கி ஓடிவந்தது. அவருக்குக் கருகியது பஞ்சும் ஒரு பாயும். ஊற்றிய தண்ணீரெல்லாம் மச்சு வழியாக இறங்கி, நம் உத்திரம் தொய்ந்து, சுவர் ஆளுயரத்துக்குப் பெயர்ந்து கிடக்கிறது. தையில் முருகம்மாளுக்கு மணவறை போட வேண்டிய இடம் அதுதான்.

போன வருஷம் நீ வீட்டுக்குத் தீ இன்ஷூரன்ஸ் எடுத்தபோது வீண் செலவு என்றேன், அந்தப் பேச்சை இப்போது எடுக்காதே. மதுரையிலிருந்து கம்பெனி ஆள் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, கீழே தீயே இல்லையே, தண்ணீர்தானே, யார் ஊற்றியது என்று கேட்டார். உன் சித்தப்பா படியில் நின்றுகொண்டு, நாங்க அஞ்சு கொடந்தேன் ஊத்துனோம், பதினோரு கொடம் எங்க மதினி ஊத்துனாக என்றார். ஆமாம், ஊற்றினேன், ஊற்றாமல் விட்டிருந்தால் முழு வீட்டுக்குமல்லவா உங்கள் கம்பெனி பதில் சொல்ல வேண்டும் என்றேன். அந்த ஆள் அதையும் எழுதிக்கொண்டு, தீ எப்படி வந்ததென்று மாடிக்காரர் கையெழுத்துப் போட்டால் பணம் கிடைக்கும் என்றார். உன் சித்தப்பாவோ, வெளக்கத் தள்ளுனது காத்து, அதுகிட்டப் போய்க் கையெழுத்து வாங்குங்க என்கிறார். அதோடு விட்டாரா, கல்யாணத்த மாடியில வச்சுக்கிருவம் மதினி, எடம் காலியாத்தான கெடக்கு என்கிறார். உன் அப்பா சிரித்துவிட்டார். அவரோடு நான் இரண்டு நாள் பேசவில்லை.

இனி நடக்க வேண்டியது. நீ, நான் எழுதியதை மெருகு போடாமல் இங்கிலீஷில் எழுதிக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும், என் பதினொரு குடத்தையும் மறைக்காதே. அப்பா கொத்தனாரைக் கூட்டி வந்து உத்திரத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். முருகம்மாள் அழுகையை நிறுத்த வேண்டும், கல்யாணம் கீழேதான். உன் சித்தப்பா கையெழுத்துப் போட வேண்டும். போடுவார். மாடிப்படி நம் பாகத்தில் இருக்கிறது, அவர் ஏறி இறங்க வேறு வழியில்லை, நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் காகிதமே அந்தப் பாகப் பத்திரம்தான். நாளைக் காலையில் அவர் இறங்கி வரும் நேரம் பார்த்து, படியில் உட்கார்ந்து அதை உரக்க வாசிக்கப்போகிறேன்.

சுருளியாண்டவர் உனக்குத் துணையிருப்பார். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. தை பிறக்குமுன் லீவு சொல்லிவை.

இப்படிக்கு,
உன் அம்மா
கஸ்தூரியம்மாள்