ஈகோ வண்டிக்கு ஸ்டிக்கரா, பெயிண்ட்டா

ஜூலை 18, 2025

ஆடி பிறந்தாச்சு. முகூர்த்தம் கிடையாது. கல்யாணப் பொண்ணுங்களுக்கு மேக்கப் போட்டுப் பிழைக்கிற எனக்கும் ஜாஸ்மினுக்கும் ஒரு மாசம் ஈ ஓட்டுற வேலைதான். ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கின ஈகோ வேனை இப்போது வேலைக்கு விட்டால்தான் உண்டு. பானெட்டில் பெயிண்ட் பொரிந்துகிடக்கிறது. மண்டப வாசலில் நிறுத்தினால் மானம் போகுது.

ஜூலை 20

அதியமான்கோட்டை ஸ்டிக்கர் கடை. வண்டி முழுக்க ரோஸ் கலர் வினைல் ஒட்டித் தருவாங்களாம், ரெண்டே நாளில். "வேணாம்னா உரிச்சுக்கலாம்டி கலை," என்றாள் ஜாஸ்மின். போட்டோவில் தகதகன்னு இருந்தது. சரின்னு தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஜூலை 21

கம்பைநல்லூர் பெயிண்டர் மாரியப்பன் அண்ணன் பானெட்டைத் தடவிப் பார்த்துச் சிரிச்சார். "இது மேல ஒட்டுனா வெயிலுக்குத் தூக்கிக்கும்ங்க. உரிக்கறப்ப இருக்கற பெயிண்டும் கையோட வந்துரும். சுரண்டி, பட்டி பாத்து, பெயிண்ட் அடிச்சுட்டா அஞ்சாறு வருசத்துக்குக் கவலையில்லீங்க."

இவர் சொல்றதும் சரி. அவ சொல்றதும் சரி. என் மண்டைதான் சரியில்லை.

ஜூலை 23

ஸ்டிக்கர். முடிவு.

ஜூலை 24

இல்லை, பெயிண்ட். ஐயோ, தெரியலையே!

ஜூலை 27

மாரியப்பன் அண்ணன் சொன்னதை ஜாஸ்மினிடம் சொன்னேன். "அஞ்சாறு வருசமா? அத யாருடி இருந்து பாக்கறது?" என்றாள். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அவங்க வூட்டில் பெங்களூர் மாப்பிள்ளை பேச்சு நடந்தது. வேண்டாம்னுட்டேன்னு போன மாசம் இவளே சொன்னாள். அப்புறம் எதுக்கு உரிக்கிற பேச்சு? நேராகக் கேட்டுவிடலாம். கேட்டு, ஆமாம்னு சொல்லிட்டா?

ஆகஸ்ட் 1

முனியப்பன் கோயிலுக்குப் பூ போட்டுக் கேட்கப் போனேன். ஜாஸ்மினும் கூட வந்தாள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் பெயிண்ட், சிவப்பு என்றால் ஸ்டிக்கர் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். பூசாரி எடுத்தது வெள்ளை.

"பெயிண்ட்டுதான்டி!" என்று திரும்பினேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"நானும் கேட்டேன்டி."

"நீ சர்ச்சுக்காரி, நீ என்னத்தக் கேட்ட?"

"ஏன், உங்க சாமி எனக்குச் சொல்லமாட்டாரா? அவங்க திரும்பக் கேட்டு விட்டிருக்காங்கடி. வெள்ளை வந்தா பெங்களூர் மாப்பிள்ளைக்குச் சரின்னு சொல்லிடறேன்னு கேட்டேன்."

ஒரே பூ. ரெண்டு பேரும் ஆளுக்கொரு கேள்வி. முனியப்பா, நீ யாருக்குப்பா பதில் சொன்ன?

ஆகஸ்ட் 2

ஜாஸ்மின் போன் பண்ணினாள், நான் எடுக்கவில்லை. சாயங்காலம் வூட்டுக்கே வந்துவிட்டாள். ஏன்டி முன்னாடியே சொல்லல, நான் என்ன மூணாவது மனுசியான்னு கத்தினேன். "சொன்னா நீ போகாதன்னுவ. நான் நின்னுடுவேன்டி," என்றாள். அதுக்கு மேல என்னத்தச் சண்டை போடுறது?

போகும்போது, "வண்டி இனி நீ ஓட்டறது. பெயிண்டே அடி," என்றாள். பாவி, இதுக்குத்தான் இத்தனை நாள் குழம்பினேனா?

ஆகஸ்ட் 5

வண்டியை மாரியப்பன் அண்ணனிடம் விட்டாச்சு. பழைய சிவப்பே போதும் என்றேன். என்ன கலர் அடித்தால் என்ன?

செப்டம்பர் 10

ஜாஸ்மினுக்கு இன்று சர்ச்சில் கல்யாணம். மேக்கப் நான்தான் போட்டேன். அது என் வேலை. ஆனால் புடவை கட்டுவது எப்போதும் அவள் வேலை. அவளுக்கு யார் கட்டுவது? நானே எடுத்தேன். மடிப்பு நழுவி நழுவிக் கலைந்தது. வெளியே அவங்க அம்மா கதவைத் தட்டுறாங்க, எனக்குக் கண்ணில் தண்ணி முட்டுது.

கல்யாணப் பொண்ணே குனிந்து, மடிப்பை எடுத்து, என் விரலில் வைத்து அழுத்தினாள்.

"இப்படிப் புடி. கட்டைவிரல விடாத. நாளன்னைக்கு ஏரியூர் கல்யாணப் பொண்ணுக்கு நீதான கட்டணும்."

விடாமல் பிடித்துக்கொண்டேன்.